அம்மையே என்று அழைக்கப்பெற்றவர்

ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று திரிகூட மலையைத் தழுவத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிடும். பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஐந்தருவி. மலையில் ஒன்றாக இறங்கிவரும் நீர், பாறை முகட்டில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் இடம் அது. பஞ்சபூதங்களையும் ஐந்தெழுத்தையும் நினைத்து அங்கே நீராடும் அன்பர்கள் உண்டு. நீராடி, ஈரத்தலையைத் துவட்டி, திருநீறு அணிந்து, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசித்து, சித்திர சபையில் ஆடவல்லானை வணங்கிவிட்டு ஊர் திரும்புவது குடும்பங்கள் பலவற்றின் ஆண்டு வழக்கம்.

அத்தகைய குடும்பங்களுள் சிலவற்றில் ஒரு துயரமும் உடன் பயணம் செய்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டிருப்பர். பேத்தி தானே விரும்பித் தேர்ந்தவன், பல ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் வேறொரு பெண்ணை நாடிச் சென்றிருப்பான். அல்லது மணமாகி ஓரிரு ஆண்டுக்குள், இனி சேர்ந்து வாழ இயலாது என்று கணவன் அனுப்பிவிட்டிருப்பான். வீட்டிலுள்ள பாட்டியும் தாத்தாவும் அப்பெண்ணை அழைத்துக்கொண்டு தலந்தோறும் செல்கின்றனர். சந்நிதியில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லி, அவர்கள் மனத்துக்குள் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றே: போனவனை எப்படியாவது திருப்பி அழைத்து வந்து சேர்த்துவிடு.

பாசத்தால் எழும் வேண்டுதல்தான் அது. ஆயினும், அந்தப் பெண்ணுக்கு உண்மையில் வேண்டியது அதுதானா? இந்த வினாவுக்குச் சைவ மரபு மிகப் பழங்காலத்திலேயே விடை வைத்திருக்கிறது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் குற்றாலம் சித்திர சபை, தில்லை பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு இரத்தின சபை. அந்தத் திருவாலங்காட்டில், ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும் பெருமாட்டி, கணவனால் கைவிடப்பட்ட ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று உலகம் வணங்கும் புனிதவதியார்.

மாங்கனியும் மரக்கலமும்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது. காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதியார். நாகப்பட்டினத்து நிதிபதி என்னும் வணிகரின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் செய்துகொடுத்தனர். ஒரே மகளைப் பிரிய மனமின்றி, தந்தை தம் ஊரிலேயே இருவருக்கும் மாளிகை அமைத்துப் பெருஞ்செல்வமும் அளித்தார். பரமதத்தன் வாணிகத்தில் சிறந்தான். புனிதவதியார் இல்லறத்தையும் அடியார் தொண்டையும் குறைவற நடத்தினார்.

பின் நிகழ்ந்தது அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. கணவன் கடையிலிருந்து அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றுடன் படைத்துவிட்டார் அம்மையார். நண்பகலில் உண்ண வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, மற்றதையும் கேட்டான். அம்மையார் உள்ளே சென்று பெருமானை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை முன்னதினும் மேம்பட்டிருக்கவே, இது எங்கிருந்து வந்தது என்று கணவன் வினவினான்.

இறைவன் தமக்குச் செய்த அருளை வெளியே சொல்வது முறையன்று. கணவனிடம் பொய்யுரைப்பதும் முறையன்று. இரண்டுக்கும் இடையே தயங்கி நின்ற அம்மையார் உண்மையையே சொன்னார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொரு கனி வருவித்துக் காட்டு என்றான். தம் சொல் பொய்யாகிவிடக் கூடாதே என்று அம்மையார் இறைவனை வேண்டினார். கனி வந்தது. அவன் கையில் வாங்கியதும் மறைந்தது.

அந்த நொடியிலிருந்து பரமதத்தனை அச்சம் பற்றியது. இவள் மனைவி அல்லள், தெய்வம் என்று கருதினான். ஒரே வீட்டில் இருந்தும் தொடர்பின்றி வாழ்ந்தான். எவரிடமும் தன் எண்ணத்தைச் சொல்லாமல், மரக்கலம் ஒன்று அமைத்து, வாணிகம் செய்து வருவதாகக் கூறிக் கடலேறினான். பொருளீட்டியபின் காரைக்காலுக்குத் திரும்பாமல் பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் குடியேறி, வணிகர் மகள் ஒருத்தியை மணந்து, பெண் மகவு ஒன்றும் பெற்றான்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். புனிதவதியாரிடம் எக்குறையும் இல்லை. அவர் அன்பில் குறைவில்லை; வாய்மையில் குறைவில்லை; இல்லறக் கடமையில் குறைவில்லை. இருந்தும் கணவன் பிரிந்தான். பிரிந்து செல்பவரின் செயல், பிரியப்பட்டவரின் மதிப்பை அளக்கும் தராசு ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கைவிடப்பட்ட பெண்ணின் உள்ளத்தில் இரவும் பகலும் சுழலும் கேள்வி, தன்னிடம் என்ன குறை கண்டான் என்பதே. நிறம், படிப்பு, சமையல், சம்பளம், பேச்சு என்று ஒவ்வொன்றாகத் தன்னையே அவள் குற்றக் கூண்டில் ஏற்றுகிறாள். குறையே இல்லாத ஒருவரையும் ஒருவன் விட்டுச் செல்லக்கூடும் என்பதை அம்மையாரின் வரலாறு அவளுக்குச் சொல்கிறது. உண்மையாகவே ஏதேனும் குறை இருந்தாலும் அது திருத்திக்கொள்ளத் தக்கதே தவிர, அவளையே குறையாக்கிவிடாது.

சோலையில் நின்ற சிவிகை

காரைக்காலில் அம்மையார் காத்திருந்தார். கணவன் கடல் கடந்து சென்றிருக்கிறான் என்றே எண்ணி இல்லறத்தை நடத்தினார். பாண்டி நாட்டுச் செய்தி சுற்றத்தாருக்கு எட்டியது. அவர்கள் அதை விசாரித்து உறுதி செய்துகொண்டனர். பின் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி, அந்நகரின் புறத்தே ஒரு சோலையில் இறக்கி, பரமதத்தனுக்கு ஆள் அனுப்பினர்.

சுற்றத்தாரின் நோக்கம் நன்றே. எப்படியாவது கணவனிடம் கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இன்றைக்குப் பாட்டிமாரும் தாத்தாமாரும் விரும்புவதும் அதுவே. ஆனால் அந்தச் சோலையில் நிகழ்ந்தது வேறு.

பரமதத்தன், அம்மையார் தன் இல்லம் வந்து சேருமுன் தானே புறப்பட்டு வந்தான். இரண்டாம் மனைவியையும் சிறுமகளையும் உடன் அழைத்து வந்து, அம்மையாரின் அடிகளில் வீழ்ந்து வணங்கினான். உமது அருளாலேயே வாழ்கிறேன், இக்குழந்தைக்கும் உமது பெயரையே இட்டேன் என்றான். அம்மையார் அஞ்சி ஒதுங்கிச் சுற்றத்தாரோடு நின்றார். மனைவியைக் கணவன் வணங்குவதாவது என்று சுற்றத்தார் திகைத்து வினவ, இவர் மானுடர் அல்லர், நற்பெருந் தெய்வம். நீங்களும் வணங்குங்கள் என்று அவன் விடை கூறினான்.

பரமதத்தனைக் கொடியவனாகச் சேக்கிழார் காட்டவில்லை. அவன் ஏசவில்லை, பழி சுமத்தவில்லை, வணங்கவே செய்தான். ஆயினும் அவனால் அவரோடு வாழ இயலாது. எத்தனை மரியாதையோடு சொல்லப்பட்டாலும் அதன் பொருள் ஒன்றே. அம்மையாரும் அதை ஒரே முறை கேட்டார். கேட்டது போதும் என்று உணர்ந்தார்.

அந்தச் சோலையில் அம்மையார் செய்யாதவை பல. ஏன் சொல்லாமல் சென்றாய் என்று வழக்காடவில்லை. இத்தனை ஆண்டு காத்திருந்தேனே என்று கணக்குச் சொல்லவில்லை. எதிரே நின்ற இரண்டாம் மனைவியைச் சபிக்கவில்லை. அந்தக் குழந்தையை வெறுக்கவில்லை. நான் மாறிக்கொள்கிறேன், என்னை ஏற்றுக்கொள் என்று இறைஞ்சவும் இல்லை. உண்மை தெரியும்வரை காத்திருந்தது அவருடைய பொறுமை. தெரிந்தபின் அங்கே ஒரு கணமும் கெஞ்சி நில்லாதது அவருடைய தன்மானம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கைப்பேசியில் ஓயாது அழைத்துக்கொண்டிருப்பதும், பொது நண்பர்கள் வழியே தூது விடுவதும், அவன் இப்போது யாருடன் இருக்கிறான் என்று துருவிப் பார்ப்பதும் அந்தச் சோலையிலேயே சிவிகையை நிறுத்திவைத்துக் காத்திருப்பதற்கு ஒப்பாகும். ஒரு முறை கேட்டுத் தெளிந்தபின் சிவிகை அங்கே நிற்க வேண்டுவதில்லை.

இறக்கி வைத்த சுமை

அடுத்து நிகழ்ந்ததுதான் வரலாற்றின் உச்சம். அம்மையார் பெருமானை நோக்கி விண்ணப்பித்தார். இவருக்காக இதுநாள்வரை தாங்கிவந்த அழகையும் உடற்சுமையையும் நீக்கி, உன் திருவடியைப் போற்றும் பேய் வடிவைத் தந்தருள வேண்டும் என்றார். அவ்வாறே ஆயிற்று. சுற்றத்தார் அஞ்சி வணங்கி அகன்றனர்.

இதைக் கேட்கும் சிலர், கணவன் கைவிட்டதால் அம்மையார் தம்மையே வெறுத்து அழகைத் துறந்தார் என்று எண்ணக்கூடும். அது பிழையான புரிதல். அவ்வடிவு பெற்ற உடனே அவர் அழுது புலம்பவில்லை. அற்புதத் திருவந்தாதி பாடினார். தொடர்ந்து திருவிரட்டை மணிமாலை பாடினார். தன்னை வெறுத்தவர் வாயிலிருந்து அத்தகைய பாடல்கள் பிறவா. அந்தாதியின் தொடக்கத்திலேயே, பேசக் கற்ற நாள்தொட்டுப் பெருமான்மீது தமக்கு இருந்துவரும் காதலைத்தான் சொல்கிறார். பரமதத்தன் வருவதற்கு முன்பும் அந்த அன்பு இருந்தது. அவன் சென்ற பின்பும் அது இருந்தது. இடையில் வந்தது ஒரு திருமணம், அது முடிந்தது. முன்பே இருந்த தம் இயல்புக்கு அம்மையார் திரும்பினார்.

இன்றைய பேத்தி பேய் வடிவு கேட்க வேண்டுவதில்லை. அவள் அறிய வேண்டியது ஒரு பாகுபாடு மட்டுமே. எது அவனுக்காகத் தாங்கியது? எது அவளுக்கே உரியது? அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக மாற்றிக்கொண்ட உடை, விட்டுவிட்ட பாட்டு வகுப்பு, நிறுத்திக்கொண்ட மேற்படிப்பு, குறைத்துக்கொண்ட நட்பு, அடக்கிக்கொண்ட சிரிப்பு, இவற்றுள் எது சுமை, எது சொத்து என்று அவள் பிரித்துப் பார்க்கட்டும். சுமையை இறக்கி வைக்கலாம். சொத்தை மீண்டும் கையில் எடுக்கலாம். பரதம் பயின்றவள் சலங்கையைத் தேடி எடுப்பதும், பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவள் விண்ணப்பப் படிவம் வாங்குவதும், கோலம் போடப் பிடித்தவள் விடியலில் வாசல் தெளிப்பதும் அந்தத் திரும்புதலின் தொடக்கங்களே.

அம்மையாரே சூடிய பெயர்

காலால் மிதிப்பது தகாது என்று கயிலை மலையைத் தலையால் நடந்து ஏறினார் அம்மையார். கண்ட உமையம்மை, இவர் யார் என்று வினவினார். தம்மைப் பேணும் அம்மை என்றும், இவ்வடிவத்தை அவர் வேண்டியே பெற்றார் என்றும் பெருமான் விடை தந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. வேண்டிப் பெற்றார் என்பது கருதத்தக்கது. அந்தக் கோலம் கணவன் விட்டுச் சென்றதால் அவர்மீது வந்து விழுந்தது அன்று, அவரே தேர்ந்துகொண்டது.

பிறப்பிறப்பு இல்லாத பெருமான், அவரை நோக்கி அம்மையே என்று அழைத்தார். அப்பா என்று வீழ்ந்து வணங்கினார் அம்மையார். என்ன வேண்டும் என்று பெருமான் கேட்க, அம்மையார் வேண்டியவை நான்கு. அழியாத அன்பு வேண்டும். இனிப் பிறவாமை வேண்டும். பிறக்க நேர்ந்தால் மறவாமை வேண்டும். பெருமான் ஆடும்போது திருவடியின்கீழ்ப் பாடியிருக்கும் பேறு வேண்டும். இந்த நான்கனுள் பழைய கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் திரும்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவன் கெட வேண்டும் என்றும் கேட்கவில்லை.

திருவாலங்காட்டில் அவர் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்களோடு சேர்த்து, அம்மையார் அருளியவை மொத்தம் 143 பாடல்கள். பதினோராம் திருமுறையில் அவை இடம்பெற்றுள்ளன. தேவார முதலிகளுக்கும் முற்பட்டவர் அவர். தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே அவர் குறிக்கிறார். தனதத்தன் மகள் என்றோ, பரமதத்தன் மனைவி என்றோ கூறிக்கொள்ளவில்லை. பிறந்த ஊரும், தாமே வேண்டிப் பெற்ற வடிவமும் சேர்ந்ததே அவர் சூடிக்கொண்ட பெயர். அந்தப் பாடல்களைப் பேய் பாடியது என்று எவரும் ஒதுக்கவில்லை. அவர் தலையால் நடந்த தலம் என்பதால் திருவாலங்காட்டைக் காலால் மிதிக்கத் திருஞானசம்பந்தரே தயங்கினார் என்பது வரலாறு.

மறைக்கப்படாத திருமணம்

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிட்சாடனராகப் பெருமான் வீதியுலா வரும்போது, வீடுகளின் மாடிகளிலிருந்து அன்பர்கள் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். குழந்தைப் பேறு வேண்டுவோர் அக்கனிகளைப் பிரசாதமாக ஏந்துகின்றனர்.

அத்திருவிழாவில் இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை அழைப்பு நடைபெறுகிறது. புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. முறிந்துபோன திருமணம் என்பதை அறிந்தே ஊர் ஆண்டுதோறும் அதை நடத்தி மகிழ்கிறது. மணம் நடந்ததும் உண்மை, அது நிலைக்காமல் போனதும் உண்மை, அதற்குப் பின் அம்மையார் உயர்ந்ததும் உண்மை. எதையும் அந்த ஊர் மறைக்கவில்லை. எதற்காகவும் அம்மையாரைத் தாழ்த்தவும் இல்லை.

இல்லங்களில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு எதிர். திருமண ஆல்பம் பரண்மேல் ஏறுகிறது. உறவினர் வந்தால் பெண் உள்ளறைக்குச் செல்கிறாள். பேத்தி விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று அண்டை வீட்டாரிடம் பொய் சொல்லப்படுகிறது. வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அவளை முன்னே நிறுத்தப் பெரியவர்களே தயங்குகின்றனர். வாழாவெட்டி என்ற கொடுஞ்சொல் சில வீடுகளில் இன்னமும் புழங்குகிறது. அச்சொல்லை முதலில் வெட்டியெறிய வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. அறுபத்து மூவர் வரிசையில் ஏனையோர் நின்ற கோலத்தில் இருக்க, அம்மையார் அமர்ந்த கோலத்தில் காட்சி தருவதைக் கோயில்களில் காண்கிறோர், தம் வீட்டுப் பெண்ணையும் அமரவைத்துப் பேசப் பழகலாம்.

தோழியின் செவி

குற்றாலத்துக்கே உரிய ஓர் இலக்கியம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. கவிராயர் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர். குற்றாலநாதரின் உலாவைக் கண்டு காதல் கொண்ட வசந்தவல்லி, நிலவைப் பழிக்கிறாள், மன்மதனைப் பழிக்கிறாள், தனக்கு நேர்ந்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்கிறாள். அருகில் தோழி இருக்கிறாள். என்ன நேர்ந்தது என்று கேட்கிறாள், சொல்வதைச் செவிமடுக்கிறாள். ஒரு பெண்ணின் மனவேதனை வெட்கப்பட வேண்டியது என்று அந்த ஊர்க் கவிஞர் நினைக்கவில்லை. பேசவிட்டு, அதைச் சந்நிதிக்குரிய இலக்கியமாகவே ஆக்கிவிட்டார்.

துயருற்ற பேத்திக்கு முதலில் வேண்டியதும் தோழியின் செவியே. நீதிபதி ஆசனமும் சோதிடப் பலகையும் பிறகு வரலாம். அவள் அழுதால் அழட்டும். பேசினால் குறுக்கிடாமல் கேட்கலாம். அன்றைக்கே சொன்னேனே என்ற வாக்கியம் வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடலாம். பேச மறுத்தால் வற்புறுத்தாமல், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம். ஒரு வாய் ரசஞ்சோறு பிசைந்து கொடுக்கலாம். வேளைக்கு உண்ணாமலும் உறங்காமலும் வாரக்கணக்கில் வாடினாலோ, வாழ்வே வேண்டாம் என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலோ, தாமதமின்றி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குற்றாலநாதருக்கே தலைவலி தீர மூலிகைத் தைலம் சாத்தும் தலம் அது. நோவுக்கு மருந்து நாடுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

பேரனுக்கும் இதே நிலை நேரக்கூடும். பெண் விலகிச் சென்றதால் உள்ளுக்குள் நொறுங்கிய இளைஞர்களும் இருக்கின்றனர். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று அவன் வாயை அடைப்பதும், வேறு நூறு பெண் கிடைப்பாள் என்று அவன் துயரத்தைச் சிறிதாக்குவதும் ஒரே வகைப் பிழைகள். விலகிச் சென்றவளைப் பழி தீர்க்க எண்ணுவதும், அவள் புகைப்படத்தையோ கடிதத்தையோ வெளியிட்டு அவமானப்படுத்துவதும் ஆண்மை ஆகா என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவரும் தாத்தாவே.

தென்காசிக் கோபுரம்

ஐந்தருவியில் நீராடச் செல்வோர் பலர் தென்காசி வழியே செல்கின்றனர். அங்கே காசி விசுவநாதர் திருக்கோயிலின் ஒன்பது நிலை இராஜகோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய திருக்கோயில் அது. எழுபது வயதைக் கடந்த தென்காசிக்காரர்களுக்கு இந்தக் கோபுரத்தின் வேறொரு தோற்றமும் நினைவிருக்கும். மேல்நிலைகளை இழந்து, பிளவுண்டு, மொட்டைக் கோபுரமாக அது நெடுங்காலம் நின்றது. மீண்டும் முழுமையாகக் கட்டப்பெற்று 1990இல் குடமுழுக்குக் கண்டது.

சிதைவு நேரக்கூடும் என்பதைக் கட்டிய மன்னனே எதிர்பார்த்திருந்தான். இத்திருக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதேனும் குற்றம் வந்தால், அப்போது முன்வந்து அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவர்களை நிலமிசை வீழ்ந்து வணங்குவதாக அவன் பாடிவைத்த பாட்டு அங்கே கல்வெட்டாக உள்ளது. யாரால் சிதைந்தது என்று அம்மன்னன் கேட்கவில்லை. யார் சீர்செய்வார் என்பதே அவன் கவலை.

கோபுரம் எழுந்த முறையும் எண்ணத்தக்கது. உதிர்ந்த நிலைகளைப் பொறுக்கி ஒட்டவைத்து எவரும் அதைக் கட்டவில்லை. உறுதியாக நின்ற பழைய அடித்தளத்தின்மீது புதிய நிலைகள் எழுந்தன. முறிந்த உறவை எப்படியாவது ஒட்டவைத்துவிட வேண்டும் என்று துடிக்கும் குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இருவரும் மனமொப்பித் திரும்பினால் அது நன்றே. ஒருவர் விலகிவிட்டார் என்பது உறுதியானபின், சீர்செய்ய வேண்டியது உறவை அன்று, பெண்ணின் வாழ்வை. அடித்தளம் அவளிடமே இருக்கிறது. அதன்மேல் எழும் நிலைகள் அவள் விருப்பப்படி அமையட்டும்.

அந்த நிலைகளுள் ஒன்று மறுமணமாகவும் இருக்கலாம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கும், அதன்பின் மறுமணத்துக்கும் வழி வகுத்துள்ளது. மேற்படிப்பாகவோ, பணியாகவோ, இறைத்தொண்டாகவோ, தனித்து வாழும் வாழ்வாகவோ அது இருக்கலாம். எதுவாயினும் பாட்டியின் பதற்றத்துக்காகவோ, ஊர் வாயை அடைப்பதற்காகவோ அவசரமாக இன்னொரு சிவிகையில் அவளை ஏற்றிவிடக் கூடாது. வழக்கறிஞரைக் கண்டு செய்யவேண்டியவற்றை முறையாகச் செய்து, சீராகக் கொடுத்த நகையையும் பொருளையும் கணக்குப் பார்த்துத் திரும்பப் பெறுவது பேராசை ஆகாது. அது அவளுடைய உரிமை. அதைப் பெற்றுத் தருவதில் பெரியவர்கள் துணை நிற்கலாம். கணக்கு முடிந்தபின் அந்த வீட்டைப் பற்றிய பேச்சை உணவு வேளையில் எடுக்காமல் இருப்பதும் அவர்கள் செய்யக்கூடிய உதவியே.

தன்மானம் என்பது செருக்கு அன்று. விட்டுச் சென்றவரைவிடத் தான் உயர்ந்தவள் என்று நிறுவுவதும் அன்று. ஒருவர் வேண்டாம் என்று சொன்னதால் தன் மதிப்பு ஒரு மாற்றும் குறையவில்லை என்பதை அமைதியாக அறிந்திருப்பதே தன்மானம். கணவன் துறந்த பெண்ணை உலகுக்கெல்லாம் தந்தையான பெருமான் தாய் என்று அழைத்தார். அழைக்கப்பெறுவதற்கு உரிய தகுதி, பரமதத்தன் கடலேறுவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. அவன் அதைக் கண்டு அஞ்சினான். பெருமான் அதைக் கண்டு அம்மையே என்றார்.

அடுத்த முறை பேத்தியை அழைத்துக்கொண்டு சந்நிதிக்குச் செல்லும் பெரியவர்கள், அர்ச்சனைத் தட்டைக் குருக்களிடம் தருமுன் வேண்டுதலைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம். அதே பெயர், அதே நட்சத்திரம். போனவர் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் இனி வேண்டாம். இந்தக் குழந்தை தன்னைத் தானே இழக்காமல் இருக்க வேண்டும், அவளுக்கு உரியது எதுவோ அது அவளை வந்தடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளட்டும். தீபாராதனை முடிந்ததும் குங்குமத்தை முதலில் அவள் நெற்றியில் இடட்டும்.